சிறுகதை முடிவும் முன்னுணர்த்தலும்

சிறுகதையின் முடிவு பற்றி இருவேறு கருத்துகள் வழங்கி வருகின்றன. முடிவு வாசகர் சிறிதும் எதிர்பாராததாக அமைதல் வேண்டும் என்பது ஒன்று. முடிவு கதையின் இயல்பான போக்கிலிருந்து தானே விளைந்ததாக அமைதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். எதிர்பாராதது எங்ஙனம் இயல்பாக விளைந்ததாகும்? இயல்பாக விளைந்தது எங்ஙனம் வியப்பைத் தரும்? ஆயினும் உலகம் போற்றும் சிறுகதைகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒருங்கே நிற்கக் காண்கிறோம். படித்து முடிக்கும்போது திடுக்கிடுகிறோம். அடுத்த நொடியே, ‘இஃது இவ்வாறன்றி வேறு எவ்வாறு முடியும்?’ என்று உடன்படுகிறோம். இவ்விரு நிலைகளையும் இணைத்து நிற்பது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனை முன்னுணர்த்தல் என்னும் பெயரால் ஈண்டு வழங்குவோம்.

1. சொல்லும் பொருளும்

கதையில் பின்னர் நிகழவிருப்பதற்கு வாசகர் உள்ளத்தை முன்னரே இசைவித்து வைக்கும் குறிப்பு முன்னுணர்த்தல் எனப்படும். இதனோடு ஒப்புமையுடைய மூன்றனை இதனின்றும் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, முன்னறிவிப்பு. ‘இவள் பின்னாளில் இறந்துபடுவாள்’ என்று ஆசிரியர் வெளிப்படையாகக் கூறிவிடுவது அது. அறிவிப்பு அறிவிற்குச் செய்தியைத் தருகிறது. முன்னுணர்த்தலோ உணர்விற்கு ஒரு சாயலைத் தருகிறது. இரண்டாவது, காரணம். வறுமை திருட்டிற்குக் காரணமாகலாம். ஆனால் வறுமையைக் கூறியதனாலேயே திருட்டை முன்னுணர்த்தியதாகாது. காரணம் நிகழ்ச்சிகளைப் பிணைப்பது. முன்னுணர்த்தல் பொருளைப் பிணைப்பது. மூன்றாவது, நிமித்தம். அது கதைமாந்தர் தாமே கண்டும் கேட்டும் பயன் கருதும் குறி. கனவும் புள்ளும் விரிச்சியும் இவ்வகையின. கதைமாந்தர் உணரும் நிமித்தம் வாசகர்க்கு முன்னுணர்த்தலாக அமைதல் உண்டு. ஆனால் கதைமாந்தர் ஒருவரும் உணராத முன்னுணர்த்தலே சிறுகதையில் மிகுதி.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முடிவைத் தெரிந்துகொண்ட பின்னர்க் கதையைத் திரும்பப் பார்த்து, முன்னே வந்த ஒவ்வொரு பொருளையும் முடிவின் குறியாகக் காட்டுவது எளிது. கதையில் மழை பெய்தால் அது கண்ணீரின் குறி. விளக்கு அணைந்தால் அது சாவின் குறி என்று எழுதிவிடலாம். அங்ஙனம் எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. ஆகவே ஒரு குறிப்பை முன்னுணர்த்தல் எனத் துணிதற்கு மூன்று தேர்வுகளை வகுத்துக்கொள்கிறோம். அக்குறிப்பு தான் நிற்கும் இடத்தில் தனக்கென ஒரு தொழில் உடையதாதல் வேண்டும்; பின்வருவதற்காக மட்டும் நட்டுவைத்த கோலாதல் கூடாது. அதனை நீக்கினால் முடிவின் பொருள் குறைதல் வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போது அதன் பொருள் முதன்முறை கொண்ட பொருளினின்றும் வேறுபடுதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய வழியே முன்னுணர்த்தல் எனக் கொள்ளல் தகும்.

2. பழந்தமிழ் மரபு

சிறுகதை என்னும் வடிவம் மேலைநாட்டிலிருந்து வந்தது. ஆதலின் அதன் உத்திகளும் அங்கிருந்தே வந்தன என்று கூறுவோர் உளர். வடிவத்தைப் பொறுத்த அளவில் அது மெய்யே. ஆனால் பின்வருவதற்கு உள்ளத்தை முன்னரே இசைவிக்கும் முறை நம் செய்யுள் மரபில் வேரூன்றியது. இதற்கு முல்லைப்பாட்டு ஒன்றே சான்றாக அமையும்.

நூற்று மூன்று அடிகளால் ஆகிய அப்பாட்டு ஒரு சிறுகதையின் கட்டுக்கோப்பு உடையது. கார்காலத்து மாலை, தலைவன் பாசறையில் உள்ளான், தலைவி பிரிவாற்றாது வருந்துகிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் மலரும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆயர் மகள் ஒருத்தி, தாய்ப்பசுக்களைக் காணாது சுழலும் கன்றுகளை நோக்கி, உம் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்னும் கருத்துப்படத் தேற்றுகிறாள். அச்சொல்லை நற்சொல்லாகக் கொண்டு முதுபெண்டிர் தலைவியை ஆற்றுவிக்கின்றனர். அவளோ ஆறவில்லை.

இங்கே நம் தேர்வுகளைப் பொருத்திப் பார்ப்போம். ஆயர் மகளின் சொல் கன்றுகளுக்காகச் சொல்லப்பட்டது. அவள் அரசியையும் அறியாள், போரையும் அறியாள். எனவே அச்சொல் தான் நிற்கும் இடத்தில் தன் தொழிலைச் செய்கிறது. பாட்டின் இறுதியில் தலைவன் மீள்கிறான். ஆனால் புலவர் நப்பூதனார் தலைவனைத் தலைவியின் கண்முன் நிறுத்தவில்லை. கூரையினின்று வீழும் மழைநீரின் ஓசையைக் கேட்டுக் கிடந்தவள் செவி நிறைய, தேர் பூண்ட குதிரைகளின் ஒலி வந்து புகுவதோடு பாட்டை முடிக்கிறார். தொடக்கத்தில் செவிவழி வந்தது நற்சொல். இறுதியிலும் செவிவழியே வருகிறது அதன் பயன். நிமித்தம் பலித்தது என்று மட்டும் கூறி அமைந்தால் இப்பொருத்தத்தை இழந்துவிடுவோம். தாயை நோக்கிய கன்றின் ஏக்கம் தலைவனை நோக்கிய தலைவியின் ஏக்கத்திற்கு முன்னரே அளவுகோலாக வைக்கப்பட்டமையால், இறுதியில் தலைவி ஒரு சொல்லும் கூறாமலே அவள் மகிழ்ச்சியை நாம் அறிந்துகொள்கிறோம்.

சிலப்பதிகாரம் மற்றொரு வகையைக் காட்டுகிறது. ஒன்பதாவதாகிய கனாத்திறமுரைத்த காதையில் கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்திக்குக் கூறுகிறாள். வேற்றூரில் கோவலன்மீது வீண்பழி சுமத்தப்பட்டதும், தான் காவலன்முன் வழக்குரைத்ததும், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு நேர்ந்ததும் அக்கனவில் உள்ளன. கொலை நிகழ்வதோ பதினாறாவது காதையில். இவ்வளவு முன்னரே முடிவு வெளிப்பட்டும் காப்பியம் சுவை குன்றவில்லை. ஏன்? மதுரையில் யாது நிகழும் என்பது அதன்பின் வினாவாக நிற்பதில்லை. அறிந்த தீங்கை நோக்கி இவ்விருவரும் ஒவ்வோர் அடியாக எங்ஙனம் நடக்கின்றனர் என்பதே நம் உள்ளத்தைப் பற்றிக்கொள்கிறது. கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்போடு புறப்படும்போது இமில் ஏறு ஒன்று எதிர்த்துப் பாய்கிறது. அது தீக்குறி என்பதனை அவன் தன் குலத்தியல்பால் அறியாமற் போகிறான். கதைமாந்தன் அறியாததும் கேட்போர் அறிந்ததும் ஆகிய இந்த இடைவெளியில் அவலம் பிறக்கிறது.

இவற்றினும் நுட்பமானது மங்கல வாழ்த்துப் பாடலில் உள்ளது. திருமணத்தில் மகளிர் மணமக்களை வாழ்த்துங்கால், காதலனைப் பிரியாதிருக்கவும், தழுவிய கை நெகிழாதிருக்கவும் வாழ்த்துகின்றனர். வாழ்த்தும் இடத்தில் இவை வழக்கமான சொற்கள், யாரும் ஐயுறார். ஆனால் காப்பியத்தை முடித்து மீள்வோர்க்கு, எவை நேரக்கூடாதென வாழ்த்தினரோ அவையே நேர்ந்தமை புலனாகும். கனவு அறிவிப்பு, ஏறு நிமித்தம், வாழ்த்தோ தூய முன்னுணர்த்தல். மூன்று படிகளையும் ஒரே காப்பியம் கையாண்டுள்ளது.

3. மறைத்து வைக்கும் நெறி

இனிச் சிறுகதைக்கு வருவோம். எட்கர் ஆலன் போ, 1842-ஆம் ஆண்டில் ஹாதார்னின் கதைகளை மதிப்பிட்டு எழுதியபோது, கதையாசிரியர் ஒரே பயனை முதலிலேயே கருதிக்கொண்டு, தொடக்க வாக்கியம் முதலாக ஒவ்வொன்றையும் அதனை நோக்கிச் செலுத்துதல் வேண்டும் என்றார். நாடக மேடையில் குண்டு நிறைந்த துப்பாக்கியை வைத்தால் அதனைச் சுடும் எண்ணமும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தைச் செகாவ் 1889-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இருவர் கூற்றும் சிக்கனத்தை வற்புறுத்துவன. ஆனால் துப்பாக்கியை எல்லாரும் பார்க்கும்படி மாட்டிவிட்டால் வியப்பு எங்கே எஞ்சும்? இதற்கு விடையளிப்பது மாப்பசான் 1884-இல் வெளியிட்ட ‘அட்டிகை’ என்னும் கதை.

எழுத்தர் ஒருவரின் மனைவியாகிய மத்தில்து, ஒரு விருந்திற்காகச் செல்வத் தோழி பொரெஸ்தியே அம்மையாரிடம் வைர அட்டிகையை இரவல் பெறுகிறாள். அது தொலைந்துபோகிறது. அதனையொத்த வேறொன்றை முப்பத்தாறாயிரம் பிராங்கிற்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணவனும் மனைவியும் பத்து ஆண்டுகள் கடன் அடைக்கின்றனர். இறுதியில் தோழியைத் தெருவில் கண்டு உண்மையைக் கூறும்போது, தொலைந்தது போலி நகை என்றும், ஐந்நூறு பிராங்கிற்கு மேற்படாதது என்றும் தெரியவருகிறது.

இம்முடிவு வாசகரை ஏமாற்றியதன்று. ஆசிரியர் மூன்று இடங்களில் உண்மையை நம்முன் வைத்திருக்கிறார். மத்தில்து தயங்கித் தயங்கிக் கேட்க, தோழி சிறிதும் தயக்கமின்றி அட்டிகையைக் கொடுத்துவிடுகிறாள். நகைப்பெட்டியில் பெயர் பொறித்திருந்த வணிகரைத் தேடிச் சென்றபோது, அவர் தம் கணக்கைப் பார்த்து, அட்டிகையைத் தாம் விற்கவில்லை, பெட்டியை மட்டும் கொடுத்திருக்கக் கூடும் என்கிறார். புதிய அட்டிகையைத் திருப்பிக் கொடுத்தபோது, தோழி பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை.

மூன்றும் வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தும் வாசகர் அறியாமற் போவது ஏன்? ஒவ்வொரு குறிப்பின்மேலும் ஆசிரியர் வேறொரு பொருளைப் போர்த்தியிருக்கிறார். தோழியின் தயக்கமின்மை பெருந்தன்மையாகத் தோன்றுகிறது. வணிகரின் மறுமொழி தேடுதலில் நேர்ந்த மற்றொரு தடையாகத் தோன்றுகிறது. மூன்றாவது இடமே தலைசிறந்தது. பெட்டியைத் திறந்து மாற்றத்தைக் கண்டுவிடுவாளோ, தன்னைத் திருடி என எண்ணிவிடுவாளோ என்று மத்தில்து அஞ்சுகிறாள். அவ்வச்சம் நம்மையும் பற்றிக்கொள்கிறது. ஆகவே திறக்காமை நமக்கு ஆறுதலாகின்றதேயன்றி ஐயத்தைத் தருவதில்லை. உண்மையான வைரத்தைத் திரும்பப் பெறுபவள் பார்க்காமல் வைப்பாளோ என்னும் கேள்வி நம் மனத்தில் எழுமுன்னரே கதை நகர்ந்துவிடுகிறது. குறிப்பைப் பொருளின்பின் மறைக்காமல் உணர்ச்சியின்பின் மறைப்பது இந்நெறி.

மேலும் ஒன்று கருதத்தக்கது. அட்டிகை போலி என்பது முடிவின் செய்தி மட்டுமே. தோற்றத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டவள் தோற்றத்தாலேயே அழிந்தாள் என்பது முடிவின் பொருள். தன் எளிய வீட்டை வெறுத்து, தான் பெறாத செல்வத்தைக் கனவு கண்டுகொண்டிருக்கும் மத்தில்தை முதற் பத்திகள் காட்டுவது இப்பொருளுக்காகவே. அப்பகுதியை நீக்கினால் செய்தி அப்படியே நிற்கும், பொருள் வீழ்ந்துவிடும்.

4. அறிந்த கதையில் அறியாத முடிவு

மாப்பசான் கதையில் வாசகர் முடிவை அறியார். வாசகர் முன்பே அறிந்த கதையை ஒருவர் எழுதினால் முன்னுணர்த்தலுக்கு அங்கு வேலை உண்டா? இக்கேள்விக்குப் புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ விடை தருகிறது.

அகலிகை கல்லானதும், இராமன் அடித்துகளால் மீண்டதும், சீதை தீப்புகுந்ததும் தமிழ் வாசகர் அறியாதன அல்ல. எனவே நிகழ்ச்சிகளை மறைத்து வியப்பூட்ட இடமில்லை. புதுமைப்பித்தனும் அதற்கு முயலவில்லை. சாபம் நீங்கிய பின்னர் அகலிகை எங்ஙனம் வாழ்ந்தாள் என்னும், காப்பியங்கள் விரித்துரையாத இடத்திலே அவர் கதை விரிகிறது. சீதை தான் தீயிற் புகுந்ததைக் கூறக்கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள் என்பது முடிவு.

இம்முடிவிற்கு ஆசிரியர் அமைத்த படிகளைக் காண்போம். கதை, வழியருகே நிற்கும் ஒரு கற்சிலையில் தொடங்குகிறது. இது பழங்கதையின் தொடக்கமாகவே முதலில் தோன்றும். முடிவைக் கண்ட பின்னரே, கல்லிலிருந்து கல்லுக்குச் செல்லும் வழியின் முதற்கல் எனத் தெரியும். இரண்டாவதாக, அகலிகைக்கு நீதி வழங்கும் இளைய இராமனின் அறநோக்கு, தெளிவுடையதாயினும் வாழ்க்கையின் சிக்கலில் பட்டுத் தீட்டப்படாதது என்னும் கருத்தை ஆசிரியர் அவ்விடத்திலேயே வைக்கிறார். முதன்முறை படிப்போர் இதனை இளமைக்குரிய புகழுரையாகவே கொள்வர். பின்னர் வாழ்க்கையின் சிக்கலுக்குள் நின்ற இராமன் சீதையைத் தீயிற் புகச்செய்தான் எனக் கேட்கும்போதுதான், அப்புகழுரைக்குள் ஓர் எச்சரிக்கை இருந்தமை விளங்கும். நம் மூன்றாம் தேர்விற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

மூன்றாவதாக, மீண்ட அகலிகையின் அச்சம். எதிர்ப்படும் ஆடவர் யாவரும் அவளுக்கு இந்திரராகத் தோன்றுகின்றனர். பேசும் ஒவ்வொரு சொல்லையும், வேறு பொருள் படுமோ என்று பலகால் எண்ணிப் பார்த்தே பேசுகிறாள். இது அவள் மனநோயைக் காட்டும் பகுதியாகத் தன் தொழிலைச் செய்கிறது. முடிவிலோ, அன்பு மேலிட்டு அணுகும் கோதமனே அவள் கண்ணுக்கு இந்திர வேடம் பூண்டவனாகத் தோன்றுகிறான். பழைய கதையில் இந்திரன் கோதமனாக வந்தான். இங்கே கோதமன் இந்திரனாகக் காணப்படுகிறான். இடையில் வந்த அச்சம் இல்லையாயின் இத்தலைமாற்றம் ஆசிரியரின் சொல் விளையாட்டாய் ஒழியும். அஃது இருத்தலின் நோயின் இறுதி எல்லையாக நம்மால் ஏற்கப்படுகிறது.

நான்காவதாக, சீதையின் தீக்கு முன்னரே வேறொரு தீ கதையில் மூளுகிறது. இராமன் வரவு தாழ்த்தமையால் பரதன் தீப்புகத் துணிகிறான். கைகேயி அத்துயரத்தோடு அகலிகையிடம் பேசுகிறாள். அனுமன் வரவே அத்தீ அவிகிறது. சொல்லை மெய்ப்பிக்க உயிரைத் தீயிலிடும் உலகம் இது என்பதனை, ஊறு விளைக்காத ஒரு தீயைக் கொண்டு ஆசிரியர் நமக்குப் பழக்கிவிடுகிறார். பின் சீதை தன் தீயைப் பற்றிக் கூறும்போது, அது நிகழ்ந்து முடிந்த செய்தியாக, புன்னகையோடு கூறும் மொழியாக வருகிறது. அவிந்த தீயைக் கண்டு ஆறியிருந்த நம் நெஞ்சில் அது சுடுகிறது.

இக்கதையில் முன்னுணர்த்தல் நம்மை இசைவிப்பது நிகழ்ச்சிக்கு அன்று, தீர்ப்பிற்கு. சீதை தீப்புகுந்தாள் என்பதை நாம் அறிவோம். அச்செய்தி அகலிகையின் செவியில் என்ன பொருள்படும் என்பதை அறியோம். தன்னை மன்னித்த அறம் வேறொருத்திக்கு மறுக்கப்பட்டதாயின், தான் பெற்ற மன்னிப்பின் மதிப்பு யாது என்னும் வினா அவளைக் கல்லாக்குகிறது. சிலப்பதிகாரத்திலும் இத்தகைய நிலையையே கண்டோம். முடிவு முன்னரே தெரிந்திருப்பது குறையன்று. தெரிந்த முடிவிற்குத் தெரியாத பொருளை ஏற்றுவதே பெருந்திறன்.

5. மிகையும் வாசகர் அறிவும்

முன்னுணர்த்தல் மிகையாதலும் உண்டு. வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வெளிவந்தது. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. குளக்கரையில் நிற்கும் மரம் தான் கண்டதைக் கூறுகிறது. தாகூரின் ‘படித்துறையின் கதை’யில் ஆற்றுப் படித்துறை கூறும் முறையை இது நினைவூட்டும். மரத்தின் குரல் தொடக்கம் முதலே இரங்கற் குரலாக ஒலிக்கிறது. குளமோ தலைப்பிலேயே நிற்கிறது. எனவே ருக்மிணிக்கு நேரவிருக்கும் கேட்டை வாசகர் விரைவில் உய்த்துணர்ந்துவிடுவர். இதனைக் குறையெனச் சிலர் கருதலாம். ஆனால் நாகராஜன் தன் உள்ளக் கருத்தை மனைவியிடம் மறைத்து விளையாடும் பகுதியில், அவன் அறியாததை நாம் அறிந்திருத்தலின் துடிக்கிறோம். அவ்விடத்தில் மிகையே பயனாக மாறுகிறது. இறுதியில் மரம் அறவுரை கூறுவதே வேண்டாத மிகை; முன்னுணர்த்தல் செய்து முடித்த பணியை அது மீண்டும் செய்கிறது.

அக்கதையில் வாசகர் அறிவைப் பொறுத்த குறிப்பொன்றும் உளது. ருக்மிணியின் தந்தை தம் செல்வத்தை ஆர்பத்நாட்டு நிறுவனத்தின் வீழ்ச்சியில் இழக்கிறார். அந்நிறுவனம் சென்னையில் 1906-இல் முறிந்தது. 1915-இல் படித்தவர்க்கு அப்பெயரே இடியோசையாக ஒலித்திருக்கும். இன்றைய மாணவர்க்கு அது வெறும் பெயர். ஆகவே முன்னுணர்த்தல் எழுத்தில் மட்டும் உறைவதன்று. எழுத்தும் வாசகர் அறிவும் கூடுமிடத்தில் உறைவது. ஏறு தீக்குறி என்பதை அறியாதார்க்குக் கொலைக்களக் காதையின் அவ்வடிகள் வெறும் வழிநிகழ்ச்சியே. பழைய உரையாசிரியர்கள் நிமித்தங்களை விளக்கிச் சென்றமை போல, சிறுகதைகளுக்கும் அக்காலச் செய்திகளை விளக்கும் குறிப்புரைகள் வேண்டும். இப்பணி தாழ்க்குந்தோறும் நம் தொடக்ககாலக் கதைகளின் முடிவுகள் காரணமற்றனவாகத் தோன்றிக்கொண்டே போகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. முன்னுணர்த்தல் முடிவை வெளிப்படுத்துவதன்று. முடிவை ஏற்கும் நிலைக்கு உள்ளத்தைப் பண்படுத்துவது. நிகழ்ச்சி மறைந்திருக்கும் கதையில் அது உணர்ச்சியின்பின் ஒளிந்து நிற்கும். நிகழ்ச்சி அறிந்த கதையில் அது பொருளை நோக்கி நம்மைச் செலுத்தும். இரண்டிடத்தும் தான் நிற்கும் இடத்தில் தன் தொழிலைச் செவ்வனே செய்தாலன்றி அது சிறவாது. முல்லைப்பாட்டில் ஆயர் மகள் கன்றுக்குச் சொன்ன சொல் கன்றுக்கே உரியது. அதனாலேயே அது அரசிக்கும் உரியதாயிற்று.

சிறுகதையை ஆராய்வோர் முடிவில் நின்று திரும்பிப் பார்ப்பதோடு அமையாது, முதன்முறை படிக்கும் வாசகரோடு உடன் நடந்தும் பார்த்தல் வேண்டும். அவர் எங்கே ஐயுற்றார், எங்கே ஐயுறாது கடந்தார் என்று குறித்துக்கொண்டு, பின்னர் இரண்டாம் முறை அதே வழியில் நடக்க வேண்டும். இவ்விரு நடைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடே ஆசிரியர் செய்த வேலை. ஒருமுறை படித்ததும் தீர்ந்துபோகும் வியப்பு, முடிவை அறிந்தவர்க்கு மீண்டும் கிட்டாது. முன்னுணர்த்தல் செவ்விதின் அமைந்த கதையோ, முடிவை அறிந்தவர்க்கே முழுமையாகத் தன்னைத் திறந்து காட்டும்.